காலைப் பாணி, மாலைக் கள்

யாழ்ப்பாணத்துச் சைக்கிளுக்கு மேடு என்றால் ரயில் கடவை மட்டும்தான். அந்தச் சமவெளியில் மிதித்துப் பழகிய கால்கள், பிலிமத்தலாவையில் இடப்பக்கம் திரும்பிய அரைக் கிலோமீற்றருக்குள் என்னைக் கைவிட்டன. இறங்கி உருட்டினேன். கூட வந்த தம்பி ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வளைவில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, "இதெல்லாம் ஒரு மேடா அண்ணே?" என்றான்.

பிரான்சில் இருக்கும் என் மச்சானால் வந்த வினை இது. போர்தோப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் ஆறுதலாகச் சுற்றி, தோட்டத்துக்குத் தோட்டம் இறங்கி வைன் ருசி பார்த்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். யாழ்ப்பாணத்திலும் திராட்சைப் பந்தல் உண்டு. ஆனால் எங்கள் பழம் பழமாகவே சந்தைக்குப் போய்விடும். படங்களைப் பார்த்த தம்பிதான் சொன்னான்: "நம்ம பக்கமும் இருக்கு அண்ணே. கொடியில இல்ல, மரத்துல."

அவன் சொன்னது கித்துளை. தமிழ்நாட்டில் கூந்தற்பனை என்பார்கள். பனை வகைதான், ஆனால் ஓலையைப் பார்த்தால் பனை என்று சொல்ல மனம் வராது. ஒவ்வோர் இலையும் மீன் வாலைக் கத்தரித்து ஒட்டியது போலிருக்கும். கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் பலா, மிளகு, கமுகு எல்லாவற்றுக்கும் நடுவே ஒன்றிரண்டு நிற்கும். பெரும்பாலும் யாரும் நட்டு வளர்த்ததில்லை. மரநாய் பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போட்டுப் போகும். அது முளைத்த இடமே தோட்டம். வரிசை பிடித்த திராட்சைக் கொடிகளை எதிர்பார்த்து வருகிறவருக்கு இங்கே காட்ட ஒன்றும் இல்லை.

கண்டியிலிருந்து ஐந்தரை மணிக்கே புறப்பட்டிருந்தோம். கொழும்பு வீதியில் பஸ்கள் முழுதாக விழிக்குமுன் பேராதனையைக் கடந்துவிட வேண்டும் என்பது தம்பியின் கணக்கு. அதைவிட முக்கியமான காரணம், மரம் ஏறுகிறவர் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். காலை வெட்டு ஏழு மணிக்கு, மாலை வெட்டு ஐந்து மணிக்கு. நடுவில் உள்ள நேரம்தான் எங்கள் உலாவுக்கு.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தம்பி அவரை 'மாமா' என்று கூப்பிட்டான். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே உறவு, ஒரே சொல். என் அரைகுறைச் சிங்களத்துக்கு அந்த ஒரு சொல்லிலாவது பிழை வராது என்று நானும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை 'மாத்தயா' என்றார், அதாவது ஐயா.

மரம் சரிவில் நின்றது நல்லதாய்ப் போயிற்று. மேல் வரம்பில் ஏறி நின்றால் பாளை எங்கள் கண் மட்டத்துக்கு வந்தது. பனைத் தொழிலாளி தளநாரைக் காலில் மாட்டி ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே வேறு முறை. மரத்தோடு குறுக்குக் கட்டைகளைக் கொடியால் கட்டிப் படி போட்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் கால் வைக்குமுன் கையால் ஒருதரம் அசைத்துப் பார்த்தார். மழைக்காலம் முடிந்த பிறகு கட்டு இற்றிருக்குமாம்.

மேலே போனதும் இடுப்பில் இருந்த கத்தியை எடுத்துப் புறங்கையில் தீட்டிப் பார்த்தார். முதல்நாள் மாலை கட்டிய முட்டியை அவிழ்த்து ஒரு பக்கம் தொங்கவிட்டார். பாளையின் நுனி வெளுத்துக் காய்ந்திருந்தது. அதில் ஒரு சீவல், நகத்தின் தடிப்புக்கு மேல் இல்லை. சீவல் சுருண்டு கீழே விழுந்தது. வெட்டு வாயை உள்ளங்கையால் துடைத்து முகர்ந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே நின்றார். பத்து எண்ணுவதற்குள் ஒரு துளி திரண்டது, பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகுதான் புது முட்டியைக் கட்டினார்.

"கொஞ்சம் தடிப்பாய் வெட்டினால் என்ன?" என்று இறங்கி வந்தவரிடம் கேட்டேன்.

"பாளை சீக்கிரம் முடிஞ்சுபோகும். மெல்லிசாய் வெட்டினால் கண் திறக்காது. ரெண்டுக்கும் நடுவில வெட்டணும்" என்றார். தம்பிதான் மொழிபெயர்த்தான். "நடுவில என்கிறது எவ்வளவு?" என்று விடாமல் கேட்டதற்கு, மாமா தன் பெருவிரலைக் காட்டினார். அதில் தழும்புகள்தான் இருந்தன.

முட்டி என்று எழுதினேனே, அந்தச் சொல் அவருடையதும்தான். மண் பானையைச் சிங்களத்தில் 'முட்டிய' என்கிறார்கள். உள்ளே ஊறியிருந்த இனிப்பு நீருக்கு 'தெலிஜ்ஜ' என்று பெயர். சில தேனீக்கள் செத்து மிதந்தன. துணியில் வடித்து ஒரு சிரட்டையில் தந்தார். எங்கள் கருப்பநீரின் அதே இனிப்பு. ஆனால் கருப்பநீரில் சுண்ணாம்பு வாசம் வரும், இதில் பதிலுக்கு ஒரு துவர்ப்பு. காரணம் முட்டியின் அடியில் கிடந்தது: ஹல் மரத்துப் பட்டைத் துண்டு. நாங்கள் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுக்கிறோம், இவர்கள் பட்டை போட்டுத் தடுக்கிறார்கள். பட்டை போடாவிட்டால் அதே நீர் பொழுது ஏறுவதற்குள் நுரைத்து 'ரா' ஆகிவிடும், அதாவது கள். பாணிக்கும் கள்ளுக்கும் இடையில் இருப்பது ஒரு துண்டுப் பட்டையும் சில மணி நேரமும்தான்.

மரம் தானாகத் தருவதாக நாம் பேசுகிறோம். மரம் தானாக ஒன்றும் தராது. பாளை விரியுமுன் மடலை உரித்து, காம்பில் கீறி, அதற்குள் 'பெஹெத்' வைத்துக் கட்ட வேண்டும். பெஹெத் என்றால் மருந்து. பூக்க இருந்த பாளையைப் பூக்கவிடாமல் நீர் சுரக்க வைப்பது அந்த மருந்துதான். நாள் பார்த்துக் கட்ட வேண்டும். முந்தினால் பாளை வாடும், பிந்தினால் பூ விரிந்துவிடும். மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மாமா காது கேளாதவர் போல் முட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுப்படியில் அவருடைய மனைவி. நாங்கள் கேளாமலே அவர் சொன்னார்: "மிளகு, உப்பு, உள்ளி, சுண்ணாம்பு, சாம்பல். இதில என்ன ரகசியம்? அளவுதான் எனக்கும் சொன்னதில்ல, நாப்பது வருஷமாய்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாமாவும் சிரித்தார். அளவை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

ஏறுவது ஒரு மணி நேர வேலை. காய்ச்சுவது அரை நாள் வேலை, அதைச் செய்கிறவரை யாரும் தொழிலாளி என்று எண்ணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரிய தாச்சியில் தெலிஜ்ஜ கொதித்து நுரை பொங்கும்போதெல்லாம் அவர் அகப்பையால் கோலி உயரத் தூக்கி ஊற்றி அடக்கினார். விறகை ஒரு கையால் இழுத்தார், தள்ளினார். ஏறத்தாழ எட்டுப் போத்தல் காய்ச்சினால் ஒரு போத்தல் பாணி. மரத்தையும் மழையையும் பொறுத்து ஏழும் ஆகும், பத்தும் ஆகும். கருப்பட்டி வேண்டுமானால் இன்னும் இறுக வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது விரலுக்குள் உருண்டையாகத் திரண்டால் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவார். அன்று பாணிதான். சுடச்சுட ஒரு கரண்டி எடுத்து றொட்டியில் விட்டுத் தந்தார். புகை மணம் ஏறிய அந்த இனிப்பைச் சீனியோடு ஒப்பிடுவது பாவம்.

போன வருடம் வீதியோரக் கடையொன்றில் அசல் கித்துள் பாணி என்று ஒரு போத்தல் வாங்கிப் போனேன். இரண்டு கிழமையில் அடியில் சீனி படிந்தது. அந்தக் கதையைச் சொன்னபோது மாமி அகப்பையை நிறுத்தி, "எட்டுப் போத்தலை ஒரு போத்தலாக்கிறவளும் சீனிப் பாகு காய்ச்சிறவனும் ஒரே விலைக்கு விற்க முடியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பகல் முழுவதும் சைக்கிள்தான். கடலாதெனிய விகாரையில் நிழலுக்கு ஒதுங்கினோம். 1344 இல் நான்காம் புவனேகபாகு காலத்தில், கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் பொறுப்பில் எழுந்த கற்றளி. தூணையும் கூரையையும் பார்த்தால் ஏதோ சோழநாட்டுக் கோயிலுக்குள் புத்தர் குடிவந்தது போலிருக்கும். அதே காலத்து லங்காதிலக விகாரையில் பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் உண்டு. எம்பக்கேயில் கதிர்காமக் கடவுளின் தேவாலயத்து மரத்தூண்களை, அன்னத்தையும் இருதலைப் பறவையையும் மல்லரையும் தடவிக்கூடப் பார்த்தோம்.

இந்த உடுநுவரப் பகுதியில்தான் எலதெத்த என்ற ஊரும் இருக்கிறது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் அங்கே காணி வாங்கி வாழ்ந்தார். 1679 இல் வடக்கே தப்பி மன்னார்க் கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681 இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் கித்துளுக்கு இடம் உண்டு. தெலிஜ்ஜ என்ற பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதுகிறார். நாளுக்கு இரண்டு தரம், நல்ல மரமானால் மூன்று தரம் இறக்குவதையும், ஒரு மரம் மூன்று நான்கு கலன் தருவதையும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதையும் குறிக்கிறார். மாமாவின் நாட்குறிப்பை எழுதினாலும் இதைத்தான் எழுத வேண்டும். கைதியாக இருந்த ஒருவருக்கு இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். ருசி பார்த்திருப்பார், வேறென்ன?

இறக்கத்தில் என் பின் பிரேக் பிடிக்காமல் போய், ஒரு வேலிச் சீமைக்கிளுவைதான் என்னைக் காப்பாற்றியது. முழங்கை உரசல். தம்பி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரிது.

ஐந்து மணிக்குத் திரும்பியபோது மாமா வேறொரு மரத்தில் இருந்தார். இதன் முட்டியில் பட்டை இல்லை. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தென்னை, பனையோடு கித்துளையும் பிடித்து வைத்திருந்தது. அனுமதி இல்லாமல் கள் இறக்குவது குற்றமாக இருந்தது. மாமாவின் அனுமதிப் பத்திரம் பிளாஸ்டிக் உறையில் அடுப்படிக் கூரையில் செருகியிருந்தது. வெள்ளையாய் நுரைத்த ராவைச் சிரட்டையில் வாங்கினேன். பனங்கள்ளின் காரம் இல்லை. மெல்லிய புளிப்பு, பின்னால் ஒரு பழ வாசம். பனையோலைப் பிளாவில் குடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, அது என் ஊர்ப் பிடிவாதம். பிரேக் இல்லாத சைக்கிளை நினைத்து ஒரு சிரட்டையோடு நிறுத்தினேன்.

"இது எத்தனை வருஷத்து மரம் மாமா?"

பூக்கவே பத்துப் பதினைந்து வருடம் எடுத்ததாம். முதல் பாளை உச்சியில் வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கடைசிப் பாளை முடிந்தால் மரமும் முடிந்தது. இதில் இன்னும் இரண்டுதான் பாக்கி. பிறகு வெட்டித் தண்டின் சோற்றை இடித்துக் கித்துள் மா எடுப்பார்கள், மிச்சம் யானைக்கு. பெரஹராக் காலத்தில் தலதா மாளிகைப் பக்கம் யானைகள் தும்பிக்கையால் உரித்துத் தின்னும் கட்டைகள் இவைதான்.

"உங்களுக்குப் பிறகு யார் ஏறுவது?" என்று கேட்டேன். மகன் நகரத்தில் வேலை. "அவனுக்குக் காய்ச்சத் தெரியும், மல்லி. ஏற நான்தான் விடேல்ல" என்றார். காலையில் மாத்தயாவாக இருந்த நான் மாலையில் தம்பியாகியிருந்தேன்.

கடலாதெனியப் பக்கம் போகிறவர்கள் பெரிய வீதியில் வாங்காமல் உள்ளே போங்கள். காலை பத்து மணிக்கு எந்த வீட்டில் புகை வருகிறது என்று பாருங்கள். போத்தலை நீங்களே கொண்டுபோங்கள். விலை பேசாதீர்கள்.