உத்திரமேரூர் கல்வெட்டும் எட்டு செல்லும்

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்தான் ஊரின் பொக்கிஷம். குடவோலை முறையில் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அதில் வெட்டிவைத்தார்கள்.

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவைப் பிள்ளைகள் தூசி தட்டி எடுக்கும் காலம் இது. அதோடு இங்கே வருபவர்களுக்கு ஒரு விஷயம். நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்தின் பள்ளம் மறைந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயில் வேண்டும். அது சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்து பேட்டரி படுத்தால்?

1996-ல் வந்த நிகான் எஃப்5, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ செல்லில் எட்டை விழுங்கும். எஃப்100-க்கு நான்கு. ஃபிலிமை நகர்த்தவும் ஃபோகஸ் செய்யவும் மோட்டார். அதிலும் எஃப்100-ல் ஃபிலிமைக் கையால் சுற்றி எடுக்க வழியே இல்லை. பாதி ரோலில் பேட்டரி போனால் ஃபிலிம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் எடுத்த படம் வெளிச்சம் பட்டு வீண்.

பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா செல் கடிகாரத்துக்குப் போதும், மோட்டாருக்குப் போதாது. ரீசார்ஜபிள் செல் போடலாமா? தாராளமாக. ‘அது 1.2 வோல்ட்தானே, அல்கலைன் 1.5 ஆச்சே!’ என்று தோன்றும். ஆனால், மோட்டார் சட்டென்று கரன்ட் இழுக்கும்போது அல்கலைனின் வோல்டேஜ் சரிந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அசராமல் கொடுக்கும்.

அதற்கும் ஒரு குணம் உண்டு. கடைசிவரை தெம்பாக இருப்பதுபோல் காட்டி, திடீரென்று விழும். அதனால் கேமராவின் பேட்டரி அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை ரோல் ஓடியது என்று எண்ணுங்கள். சாதாரண ரீசார்ஜபிள் செல் சும்மா கிடந்தாலே சில வாரங்களில் வடியும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போன்ற ரகங்களில் அந்தக் கவலை குறைவு. எட்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒன்றாகச் சார்ஜ் ஏறியவையாக இருக்கட்டும். ஒன்று சோர்ந்தாலும் மற்ற ஏழும் வீண். புறப்படும் முந்தைய இரவே சார்ஜ் போட்டு, இன்னொரு செட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவி, சில்லறையோடு போட்டால் உரசிச் சூடாகும்.

சுவரை முடித்துவிட்டு, மூன்று தளங்கள் கொண்ட சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிடுங்கள். அதற்கும் ஒரு ரோல் வேண்டும்.

பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி சபைக்கு வர முடியாது. அவர் உறவினரும்கூட வர முடியாது என்கிறது கல்வெட்டு. செல்லுக்கும் அதுவே சட்டம். எப்போது சார்ஜ் ஏறியது என்று கணக்குச் சொல்ல முடியாத செல் கேமராவுக்குள் போகக் கூடாது. அதோடு கலந்து கிடந்த செல்லும்தான்!