கடல்முகம் இழந்த மாளிகை

தாமிரபரணிக் கரையினராகிய நமக்குக் கடல் விலகிச் செல்வது புதுச் செய்தியன்று. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று அலையோசை கேளாத உள்நாட்டுச் சிற்றூர். ஆறு சுமந்து வந்த வண்டல் கரையை மேடாக்கிக் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. பழையகாயலின் வரலாறும் ஏறத்தாழ அதுவே. இயற்கையின் செயலுக்கு யாரை நொந்துகொள்வது? ஆனால் சென்னைச் சேப்பாக்கத்தில் ஒரு மாளிகையின் முன்னிருந்து கடல் மறைந்ததற்கு மணல் பாதிக் காரணமே. மறுபாதி மனிதர் எழுப்பிய சுவர்கள்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768ஆம் ஆண்டு எழுந்தது சேப்பாக்கம் அரண்மனை. அந்நாளில் திருநெல்வேலிச் சீமையும் நவாபின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1801ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின்னரே கும்பினியார் கைக்கு முழுமையாகச் சென்றது. நம் ஆற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லின் வரிப்பணமும் நவாபின் கருவூலத்திற்குப் போயிற்று. (போன பணத்தில் பெரும்பகுதி பால் பென்ஃபீல்டு போன்ற ஆங்கிலேயக் கடன்காரர்களின் பைக்குள் சென்றது வேறு கதை.) ஆகவே அம்மாளிகை சென்னைவாசிகளின் சொத்து மட்டுமன்று, நெல்லைச் சீமைக்கும் அதில் ஒரு பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம்.

1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தார். பட்டம் ஒழிக்கப்பட்டது, அரண்மனை ஏலத்திற்கு வந்து அரசின் உடைமையாயிற்று. கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் இடையே கட்டடக் கலைஞர் சிசம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். பிறகு துறைமுகம் வந்தது. வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவிய, கடற்கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். அதன் பின்னர் அரண்மனைக்கும் சாலைக்கும் இடையே அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எழிலகம் அவற்றுள் ஒன்று.

நம் துறை மாணவர்களை ஒருமுறை சென்னைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். காமராசர் சாலையில் நின்று அரண்மனையைக் காட்ட முயன்றால் காட்டுவதற்கு வழியில்லை. சேப்பாக்கம் என்றதும் மாணவர் நெஞ்சில் எழுவது கிரிக்கெட் மைதானமே. அலுவலகங்களைச் சுற்றி உள்ளே சென்றபின் ஒரு மாணவர், "ஐயா, இந்த அரண்மனைக்கு முன்பக்கம் எது?" என்று கேட்டார். நல்ல வினா.

கலச மகால் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அது செம்மையாகச் சீரமைக்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. பழங்கட்டடத்தைப் பூட்டி வைப்பதைவிடப் பயன்படுத்துவதே அதனைக் காக்கும் வழி என்பதற்கு இது சான்று.

இதற்கு வேறொரு சான்றும் அதே சாலையில் உண்டு. 1914இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியை (நம் பாளையங்கோட்டைச் சாரா டக்கர் கல்லூரி அதனினும் மூத்தது என்பதை இங்கே சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம்) அகற்றிவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அரசு முனைந்தது. கடலை நோக்கிய அகன்ற மனை. அரசுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர், வழக்குகள் தொடுக்கப்பட்டன, திட்டம் கைவிடப்பட்டது. அங்கே படித்த தாயும் படிக்கும் மகளும் இருந்தனர். ஆதலின் கல்லூரி நின்றது. ஆயினும் அக்கல்லூரி முதன்முதலில் இயங்கிய கேப்பர் மாளிகை இன்று இல்லை. நவாபின் அரண்மனைக்கோ கடல்முகம் மறைக்கப்பட்டபோது வழக்காட ஒருவரும் இல்லை.

சென்னையின் பழங்கட்டடங்களுக்குச் சட்டக் காவல் வந்த வகையும் விந்தையானது. விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கொன்றில், எக்கட்டடங்களின் தோற்றத்தைப் பலகைகள் மறைக்கலாகாது என்று நீதியரசர் பத்மநாபன் குழு ஒரு பட்டியல் வகுத்தது. அப்பட்டியலிலுள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்பட வேண்டுமென 2010இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணித் தட்டி மறைத்தால் குற்றமென்றால் பல மாடிக் கட்டடம் மறைப்பதை என்னென்பது?

கடற்கரை மனையில் புதியன கட்டவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. அலுவலகம் வேண்டும், விடுதி வேண்டும், நம் மாணவர்க்கு வேலையும் வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி, எந்தப் பார்வையை விட்டு என்பதே வினா. இடிக்கவில்லையே என்று அமைதி கொள்ளும் பெரியோர்களிடம், சேப்பாக்கமும் இடிக்கப்படவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

ஊர் திரும்பியபின் மாணவர்க்கு ஒரு பயிற்சி தந்தோம். தத்தம் ஊரில் ஒரு பழங்கட்டடத்தைத் தெரிந்தெடுத்து, எங்கே நின்றால் அது முழுமையாகத் தெரியும் என்று எழுதி வரவேண்டும். காயல்பட்டினத்து மாணவர் பழைய பள்ளிவாசல் ஒன்றை எழுதினார். பாளையங்கோட்டை மாணவர் தெரிந்தெடுத்தது, மதில்கள் போயும் எஞ்சி நிற்கும் கோட்டையின் மேலை வாயிலை. நெடுங்காலம் காவல் நிலையமாக இருந்ததால் மேடைப் போலீஸ் நிலையம் என்று ஊரார் வழங்கும் கட்டடம் அது. அவர் எழுதியவை இரண்டே வரிகள்: "எதிர்ச்சாரியில் நின்றால் தெரியும். இடையில் பேருந்து நின்றால் தெரியாது."