ஆறு தந்திகளில் ஒரு தாலாட்டு

கிற்றார் என்றவுடன் எங்கள் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது பொப் பாட்டுத்தான். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடிப் பெயர் பெற்ற காலத்திலிருந்து, பாடுபவருக்குத் துணையாகத் தாளம் போடும் கருவியாகவே கிற்றாரைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பாடகரும் பாட்டுவரியும் இல்லாமல் கிற்றார் தனியே இருந்து பேசும் இசையும் உண்டு. அதைச் செவ்வியல் கிற்றார் இசை என்பார்கள். மூன்று வருடங்களாகக் கொக்குவிலில் ஒரு ரீச்சரின் வீட்டு விறாந்தையில் இருந்து அதைக் கற்று வருகிறேன். இவ்வருடம் இரண்டரை நிமிட ஆக்கம் ஒன்றையும் எழுதி முடித்தேன். அது எப்படி உருவானது என்பதையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வியல் கிற்றாரில் உருக்குக் கம்பி இல்லை. மேல் சுரங்களுக்குரிய மூன்று தந்திகள் நைலோன். கீழ்ச் சுரங்களுக்குரிய மூன்றும் உலோக இழை சுற்றியவை. முன்பு விலங்குக் குடலிலிருந்து செய்த நரம்புகளையே கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அவை கிடைக்காமற்போக, 1940களின் பிற்பகுதியில் நைலோன் வந்தது. வலக்கைப் பெருவிரல் கீழ்ச் சுரங்களைத் தாங்க, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் மெட்டை வாசிக்கும். வீணைக்காரரும் துணைவரும் ஒரே ஆளின் கைக்குள் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இது எங்கட இசை இல்லையே, பிள்ளை. இதைப் படிச்சு என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டவர்கள் உண்டு. இணுவிலின் தவிலும் நாதஸ்வரமும் மருதனார்மடத்து வீணையும் வயலினும் இருக்கும் வீதியில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அந்த வயலினும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து இருநூறு வருடங்கள்தான் ஆகின்றன. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. கிற்றாரிலும் அப்படி நடந்திருக்கிறது. மின் கிற்றாரில் கர்நாடக இசையை முழுமையாக வாசிக்கிறார் பிரசன்னா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசை படித்த இளையராஜா, இலண்டன் ட்ரினிற்றி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிற்றார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஒரு கருவியை எங்களுடையதாக்குவது அது பிறந்த இடமல்ல. அதில் நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதே.

சொல்வதற்கு என்னிடம் இருந்தது உம்மம்மாவின் தாலாட்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா கைக்குழந்தையான என் சின்ன மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார். நகையும் பாத்திரமும் காணி உறுதியும் கூடப் போகவில்லை. புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலின் வளையில் சேலையால் ஏணை கட்டி, தன் உம்மாவிடம் கேட்ட தாலாட்டைப் பாடினாராம். போர் முடிந்து குடும்பம் திரும்பி வந்தபின் என்னையும் அதே பாட்டால்தான் உறங்கவைத்தார். இப்போது உம்மம்மாவுக்கு மறதி நோய். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் கலைகின்றன. பாட்டின் வரிகள் துண்டு துண்டாகத்தான் வருகின்றன. மெட்டு மட்டும் இன்னும் முழுதாக இருக்கிறது. அதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

அந்த மெட்டை முணுமுணுக்கச் சொல்லித் தொலைபேசியில் பதிந்து, ரீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, “ஆறாந் தந்தியைக் கொஞ்சம் இறக்கிப் பாரும்” என்றார். கிற்றாரின் ஆறாந் தந்தி வழமையாக ஈ சுரத்தில் நிற்கும். அதை ஒரு முழுச் சுரம் இறக்கி டீக்குக் கொண்டுவந்தால், ஆறாவது, ஐந்தாவது, நான்காவது தந்திகள் விரல் வைக்காமலே ச–ப–ச என்று ஒலிக்கின்றன. தம்புரா கிற்றாருக்குள்ளேயே வந்துவிடுகிறது! மற்ற மூன்று தந்திகளும் சுத்த மத்தியமம், சதுசுருதி தைவதம், சதுசுருதி ரிஷபம். ஆறும் கரகரப்பிரியாவின் சுரங்களே. உம்மம்மா இராகத்தின் பெயர் அறியாதவர். ஆனால் அவர் தொடும் ஐந்து சுரங்களும் அந்தக் குடும்பத்துக்குள்தான் இருந்தன. ஸ்பெயினில் வளர்ந்த கருவியும் சோனகதெருத் தாலாட்டும் ஒரே சுருதியில் வந்து நின்றதைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது.

அதன்பின்தான் உண்மையான வேலை தொடங்கியது. கிற்றார் வாசிக்கத் தெரியாதவரால் அதற்கு நன்றாக எழுதுவது ஏறத்தாழ இயலாது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1844இல் வெளியிட்ட தன் நூலில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரல் வேண்டும். அந்த விரல் அந்த நேரத்தில் வேறு வேலையில் இருக்கக்கூடாது. தாளில் அழகாகத் தெரிகிற கோட் ஒன்றுக்கு இடக்கை ஏழு மெட்டுத் தூரம் விரியவேண்டுமென்றால் அது இசையல்ல, தண்டனை. ஆகவே பென்சிலைவிடக் கைதான் அதிகம் எழுதியது.

மிகப் பெரிய சிக்கல் ‘ஆராரோ’வின் நீட்சி. குரல் நீளும், நைலோன் தந்தியின் ஒலி மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். இதற்கு மூத்த வழி ஒன்று உண்டு. ஸ்பானிய நாட்டுத் தாரேகா, கிரனாடாவில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா மாளிகையின் நினைவாக ஓர் ஆக்கம் செய்தார். அதில் பெருவிரல் ஒருமுறை கீழ்ச் சுரத்தை மீட்ட, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாறி மாறி விரைந்து தொடும். கேட்பவருக்கு ஒலி அறுபடாமல் ஓடுவதுபோல இருக்கும். அதன்படி ஒரு பக்கம் எழுதினேன். மினுக்கமாக இருந்தது. ஆனால் அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் உறங்காது!

இன்னொரு வழியைக் கியூபாவின் லியோ புரோவரிடம் கண்டேன். 1939இல் பிறந்த அவர், தன் நாட்டுத் தாலாட்டு ஒன்றைத் தனிக் கிற்றாருக்கு அமைத்திருக்கிறார். ஆரம்ப மாணவருக்கென அவர் எழுதிய இருபது எளிய பயிற்சிகளும் எங்கள் வகுப்பில் உண்டு. சில சுரங்களே வந்து, இடையில் மௌனமும் இசையாக நிற்கும் பக்கங்கள் அவை. அவற்றை வாசிக்கையில் எனக்கு ஒன்று தெளிந்தது. தாலாட்டு என்பதே ஒலி குறைந்துகொண்டு போகவேண்டிய பாட்டு. பிள்ளை உறங்க உறங்கத் தாயின் குரல் இறங்கும். கடைசியில் கயிறு மட்டும் ஆடும். அப்படியானால் ஒலி தேய்வது இந்தக் கருவியின் குறையல்ல. தாலாட்டுக்கு அதுவே பொருத்தம். நீட்சிகளை நிரப்பாமல் தேயவிட்டேன். முடிவில் மூன்று கீழ்த் தந்திகளையும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தாமல் தொட்டு மீட்டினால், மணியோசைபோல மேல்ஸ்தாயியில் ச–ப–ச எழும். அதோடு நிறுத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் உம்மம்மாவின் கட்டிலருகே இருந்து வாசித்தேன். முதல் வரி முடியுமுன் அவரது வலக்கை எழுந்து, இல்லாத ஏணைக் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. என் பெயரைச் சொல்லவில்லை. “மெல்ல ஆட்டு மகள், புள்ள முழிச்சிரும்” என்றார். நான் வேகத்தைக் குறைத்து அந்தக் கைக்கு ஏற்ப வாசித்தேன். பிறகு அந்தக் கையின் ஆட்டத்தை எண்ணியே தாளின் தலைப்பில் வேகக் குறியை எழுதினேன். இந்த ஆக்கத்தில் நான் கண்டுபிடிக்காத, ஆனால் மிகச் சரியான குறி அது.

தோழியரே, எல்லோரும் கிற்றார் படிக்க வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவரின் தொண்டையில் மட்டுமே வாழும் மெட்டு இருக்கலாம். நாற்று நடும்போது பாடியதாகவோ, கல்யாண வீட்டில் பாடியதாகவோ இருக்கலாம். இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் போய் இருங்கள். தொலைபேசியில் பதியுங்கள், இயன்றால் சுரப்படுத்துங்கள். உம்மம்மாவின் மெட்டு இன்று இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று ரீச்சரின் அலுமாரியில். மற்றது சின்ன மாமாவிடம். அவருக்குப் போன மாதம் மகள் பிறந்திருக்கிறாள்.