நகை அவளோடது, கணக்கு அவரோடது

சிபில் ஸ்கோர் என்றதும் கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன், ஐ.டி. கம்பெனி சம்பளக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதையெல்லாம் கீழேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் மேலே ஏறிப் போவோம். கொடைக்கானலைத் தாண்டி இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. படிப்படியாய் வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், சீசனில் ஊரெல்லாம் பூண்டு வாசனை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் இதுவும் ஒன்று. சுற்றுலா வருகிறவர்கள் மேலே ரோட்டில் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மன்னவனூர் பக்கம் போய்விடுவார்கள்.

அந்த ஊருக்கு வத்தலக்குண்டிலிருந்தோ பெரியகுளத்திலிருந்தோ வாக்கப்பட்டு வருகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இவள் ஒருத்தி இல்லை, நிறையப் பேர். கையில் பாஸ்போர்ட், விசா ஒன்றும் கிடையாது, மலை ரோட்டில் சில மணி நேரம் பஸ் பயணம், அவ்வளவுதான். ஆனாலும் இவளும் குடியேறி வந்தவள்தான். குளிர் புதுசு, பேச்சு கொஞ்சம் புதுசு, மளிகைக்கடைப் பற்று நோட்டில் இவளுக்கு என்று ஒரு பக்கம் கிடையாது. "இன்னார் வீட்டம்மா" என்று புருஷன் பெயர் போட்ட பக்கத்தில் எழுதிக்கொள்வார் கடைக்காரர். பிறந்த ஊரில் அண்ணாச்சி கடையில் "அந்தப் பிள்ளை சொன்னா சொன்னபடி குடுத்துரும்" என்று இருந்த பேர் இங்கே செல்லாது.

கழுத்திலும் கையிலுமாக 10 பவுன் வந்திருக்கிறது. முதல் வருஷமே விதைப்பூண்டு வாங்கப் பணம் தேவைப்படுகிறது. "செயினைக் குடு, பூண்டு வந்ததும் திருப்பிரலாம்" என்கிறார் வீட்டுக்காரர். இவளும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுக்கிறாள். இரண்டு பேருமாக பேங்குக்குப் போகிறார்கள்.

"சிட்டா யார் பேர்லம்மா இருக்கு?"

"இவுக பேர்ல சார்."

"அப்ப அவர் பேர்லயே போட்டுருங்க. விவசாயக் கடன்னா வட்டி கம்மி."

முடிந்தது. இந்தப் பேச்சில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கிளார்க் சொன்னது சரி. குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் மானியம் போக 4 சதவீதம். அந்தச் சலுகை வேண்டுமென்றால் நிலப்பதிவு வேண்டும். நிலம் ஆண்களின் பெயரில் இருக்கிறது. ஆகவே கடனும் ஆணின் பெயரில். நல்ல நிர்வாகம்!

அதன் பிறகு அவள் களை எடுக்கிறாள், பூண்டு பிடுங்குகிறாள், காய வைக்கிறாள், கட்டுகிறாள். தன் வயல் வேலை இல்லாத நாளில் அடுத்த வயலுக்குக் கூலிக்குப் போகிறாள். மூட்டைகள் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகின்றன. அந்தக் காசும் கூலிக்காசும் சேர்ந்து கடன் அடைகிறது. செயின் கழுத்துக்குத் திரும்பி வருகிறது. வீட்டளவில் எல்லாம் சுபம்.

வீட்டுக்கு வெளியே ஒரு நோட்டு இருக்கிறது. அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில் 2000இல் ஆரம்பித்தது. இவர்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. யார் பெயரில் கடன், எவ்வளவு, நாள் தவறாமல் கட்டினாரா என்று வங்கிகள் இவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நகைக்கடனும் அந்த அறிக்கையில் தனிக் கணக்காகவே வரும். ஸ்கோர் 300 முதல் 900 வரை. மேலே சொன்ன கதையில் வீட்டுக்காரருக்கு ஒழுங்காகக் கட்டி முடித்த கடன் ஒன்று வரலாற்றில் ஏறிவிட்டது. அவளுக்கு? பூஜ்யம்கூட இல்லை. வரலாறு இல்லை என்பதற்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள், அதுதான் வரும். 10 பவுனையும் கொண்டுவந்தவள் அவள். அது எந்தப் படிவத்திலும் இல்லை.

சட்டம் அவள் பக்கம்தான். சீதனமாக வந்த நகை முழுக்க மனைவியின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2024இல் ஒரு கேரள வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னது: கஷ்டகாலத்தில் கணவன் பயன்படுத்திக்கொள்ளலாம், திருப்பித் தரும் கடமை உண்டு. நகையைத் திருப்பிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. அந்த நகையால் சேர்ந்த நல்ல பெயரைத் திருப்பிக் கேட்க ஒன்றும் இல்லை.

இதே மலைக்கு உண்மையாகவே கடல் தாண்டி வந்தவர்களும் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒத்துக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்களுக்குத் தெரிந்த குளிரையும் மலையையும் தேடிக் கொடைக்கானல் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் பலருக்கு இங்கே மறுவாழ்வு என்று கிடைத்தது 'வியாபாரக் கடன்'! வியாபாரமே தெரியாதவர்களுக்கு. இலங்கையில் அந்தப் பெண்களுக்குத் தோட்டக் கணக்கில் தன் பெயரில் நாட்சம்பளம் இருந்தது, சேமநிதி இருந்தது. இங்கே உதவி குடும்பத்துக்கு ஒன்று, அவள் அந்தக் குடும்பத்தில் ஒரு தலை.

அந்தக் கடன் கரைந்த பிறகு சவுக்கு, யூகலிப்டஸ் வெட்டும் கூப்புகளில் கான்டிராக்டரிடம் முன்பணம் வாங்கினார்கள். 1980களில் இந்த மலையில் கொத்தடிமைகளாக இருந்தார்கள் என்று பேசப்பட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை வருஷம் மரம் வெட்டினாலும் முன்பணம் தீராது, ஏனென்றால் நோட்டு கான்டிராக்டரிடம் இருந்தது. கட்டியதற்கு அத்தாட்சி கட்டியவரிடம் இல்லை. பூம்பாறை மருமகளின் நிலைமை அந்தக் கொடுமை இல்லைதான், ஒப்பிடவே கூடாது. ஆனால் நோட்டு யாரிடம், அதில் யார் பெயர் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

சரி, அவள் தன் பெயரில் ஆரம்பிக்கலாம் என்று கிளம்பினால் அடுத்த வில்லன் இனிஷியல் :-)

தமிழ்நாட்டுப் பெண்ணின் இனிஷியல் படுத்தும் பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். ஆதாரிலும் அதேதான், பிறந்த ஊர் முகவரியோடு. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப்பெயர் மாதிரி பின்னால் உட்கார்ந்திருக்கும். ரேஷன் கார்டில் சேர்க்கும்போது கணவர் இனிஷியல். வங்கிக் கணக்கு எதை வைத்துத் திறந்தார்களோ அந்தப் பெயர். மனுஷி ஒருத்தி, காகிதத்தில் நாலு பேர். கடன் தகவல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி எல்லாவற்றையும் வைத்துத்தான் ஆளைச் சேர்க்கிறது. சேராவிட்டால் அவளுடைய ஒழுங்கான கடன் ஒரு பெயரில், இல்லாத வரலாறு இன்னொரு பெயரில் என்று பிரிந்து நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. பெயர் மாறியிருந்தால் அரசு கொடுத்த திருமணச் சான்றிதழை அடையாள ஆவணத்தோடு வைத்தாலே போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயமும்கூட. முகவரிக்கு, குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு ஆதாரில் மாற்றிக்கொள்ளும் வசதி 2023இல் வந்தது. இன்னும் சுலபமான வழி, இனிஷியலையே மாற்றாமல் விடுவது. கல்யாணம் ஆனால் அப்பா பெயரைத் தூக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லலாம்.

குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். புது மருமகளை நம்பி ஊரில் முதலில் பணம் கொடுப்பது மகளிர் குழுதான். நபார்டு 1992இல் குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வழி இருக்கிறது. ஆனால் வங்கிக் கடன் குழுவின் பெயரில் வரும். குழுவின் உறுப்பினர் வாரியாக விவரம் திரட்டிக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தரும்படி 2016இல் ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது. எனவே குழுவில் இருப்பவள் தன் பெயரும் பான் அல்லது ஆதார் விவரமும் பதிவேட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மைக்ரோ ஃபைனான்ஸ் வேறு ஜாதி. அது நேராக அவள் பெயரில் வரும், வரலாறும் ஏறும். நல்லதுதானே என்றால், பாதி கிணறு. 2022 விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஈடில்லாமல் தரும் கடன் இது. வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வீடு என்பதில் புருஷன் கடனும் சேர்த்தி. அவர் நகைக்கடனில் சம்பாதித்த நல்ல பெயரில் இவளுக்குப் பங்கில்லை, அவர் கடனில் மட்டும் பங்குண்டு. தவிர, புருஷனுக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் கட்டாமல் விட்டால் வரலாறு கறுப்பாகத்தான் ஆரம்பிக்கும். வரலாறே இல்லாததைவிட அது மோசம்.

மலையிலிருந்து அமெரிக்காவுக்கு வாக்கப்பட்டுப் போகிற பெண்ணின் கதை வேறாக இருக்கும் என்று நினைப்போம். எச்-4 விசாவில் போய் இறங்கினால், வேலை அனுமதி இல்லாதவரை சோஷியல் செக்யூரிட்டி எண் பொதுவாகக் கிடைக்காது. குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் 2015இலிருந்து அந்த அனுமதி உண்டு. இங்கே 800 ஸ்கோர் வைத்திருந்தாலும் அங்கே அந்த எண் தானாகக் கூட வராது. ஆறு மாதமாவது ஆன ஒரு கணக்கு இருந்தால்தான் ஃபைகோ ஸ்கோரே பிறக்கும். அங்கே வழக்கமான வழி, கணவரின் கார்டில் மனைவியைக் கூடுதல் பயனாளராகச் சேர்ப்பது. 1974இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டமும் அதன் விதிகளும் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன: கணவன் மனைவி இருவரும் பயன்படுத்தும் கணக்கு என்றால், தகவலை இருவர் பெயரிலும் அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அங்கேயும் புருஷன் கையெழுத்து கேட்டவர்கள்தான். 2013இல் இன்னொரு திருத்தம், 21 வயதான இல்லத்தரசி தன் கைக்கு வருகிற குடும்ப வருமானத்தைத் தன் கார்டு விண்ணப்பத்தில் காட்டலாம் என்று.

நம் பூண்டுக்காரிக்கு அந்த 'இருவர் பெயரிலும்' விதி இல்லை. ஆனால் கடனில் இணை விண்ணப்பதாரராகச் சேர்ந்தால் இருவர் அறிக்கையிலும் ஏறும். வங்கிக்காரர் சொல்லமாட்டார், கேட்க வேண்டும். முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே எடுத்துச் சொன்னது. அதையும் கேட்டால்தான் உண்டு.

இணை விண்ணப்பம் நடக்கவில்லையா? ஒரு சின்னக் கணக்கு. மொத்த நகையையும் விவசாயக் கடனில் வைக்காமல், ஒரு மோதிரத்தையோ தோட்டையோ தனியாக எடுத்து, அவள் பெயரில் 20,000 ரூபாய்க்குச் சாதாரண நகைக்கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,800. விவசாயக் கடனாகவே இருந்திருந்தால் 4 சதவீதத்தில் 800. வித்தியாசம் 1,000 ரூபாய். அவள் பெயர் அந்த நோட்டில் ஏற வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் செலவு. சீர்வரிசை மண்டபத்துக்கு ஆன செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதை எப்போது செய்வது என்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. நகைக்கடனைக் கெடு முடியும்போது கட்டி, அன்றைக்கே திரும்ப வைப்பது ஊர் வழக்கம். பழைய சீட்டு ரத்தாகி, நகை மேஜைமேல் வந்து, மதிப்பீட்டாளர் மறுபடி உரசிப் பார்க்கிற அந்த அரைமணி நேரம் நகை யார் பெயரிலும் இல்லை. புதுப் படிவத்தில் 'கடன் பெறுபவர்' என்ற கோடு காலியாக இருக்கும். நகைக்கு ரசீது இல்லாவிட்டால் அது தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யார் அதை உண்மையாக எழுத முடியும்?

அடைத்தபின் சில வாரம் கழித்து அறிக்கையைப் பார்க்கலாம். 2017இலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். தப்பாக இருந்தால் புகார் செய்யலாம், 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. முதலில் இனிஷியலைப் பாருங்கள்.