இருட்டறையில் ஒரு சொல்

போர்க்கப்பல் என்றதும் பீரங்கிகளும் ஏவுகணைகளுமே நம் கண்முன் நிற்கின்றன. அவற்றுக்குக் கண்ணாக விளங்கும் எளிய மாலுமிகளை நாம் நினைப்பதில்லை. நமது கடற்படையில் இவர்களை ‘ரேடார் பிளாட்’ பிரிவினர் என்பர். விடுமுறையில் பேச்சிப்பாறைக்கு வந்திருந்த அப்பிரிவு இளைஞர் ஒருவர் தம் பணியை எனக்கு விளக்கினார். மங்கிய ஒளியுள்ள அறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியின் திசையையும் தொலைவையும் குறிக்கின்றனர். அடுத்தடுத்த குறிப்புகளிலிருந்து அதன் போக்கையும் வேகத்தையும் கணிக்கின்றனர். மீன்பிடி விசைப்படகா, வணிகக் கப்பலா, பகைக் கலமா என்று அறிய உதவுகின்றனர். ஆணையிடுபவர் கப்பல் தலைவர். அவர் காண்பதோ பெரிதும் இவர்கள் சொல்லின் வழியாகவே. “நினைப்பதைச் சொல்லக் கூடாது சாமி, கண்டதைத்தான் சொல்ல வேண்டும்” என்றார் அவர்.

அச்சொல் பிழைத்தால் என்னவாகும்? 1988 ஜூலை 3 அன்று, பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானியப் பயணிகள் விமானமொன்றைச் சுட்டு வீழ்த்தியது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கருவிகள் சரியாகவே பதிவு செய்திருந்தன. ஆயினும் அது கீழிறங்கி வருவதாக அறையில் குரல் எழுந்தது. மோதலின் பதற்றமும், தாக்குதல் வருமென்ற எதிர்பார்ப்பும் செய்தியைத் தம்மையறியாமலே திரிக்கச் செய்திருக்கலாம் என்று கடற்படை விசாரணை கருதியது. மடிந்தோர் 290 பேர். அவர்களுள் இந்தியர் 10 பேர். கருவி பொய்யுரைக்கவில்லை, அச்சம் பொய்யுரைத்தது.

எங்கள் 48 அடி அணையிலும் நீர்மட்டத்தை அளந்து சொல்பவர் ஒருவர். மதகைத் திறக்க ஆணையிடுபவர் வேறொருவர். அடைமழைக் காலத்தில் ஆற்றங்கரை மக்களின் உயிர் அந்த அளவில் தங்கியிருக்கிறது. கண்டதைக் கண்டபடி சொல்வது சிறு தொண்டன்று. அஞ்சியதைக் கண்டதோடு கலவாத மனத்திடம் அதற்கு வேண்டும். வீட்டிலும் ஊரிலும் பிறரைப் பற்றி நாம் சொல்லும் சொற்களுக்கும் அதுவே அளவுகோல் அன்றோ?