இலவம்பஞ்சில் ஓர் இருக்கை மெத்தை

இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம்தான். எனக்கோ அந்தப் பஞ்சுதான் வேண்டியிருந்தது! கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் கோடையில் ஒரு பை நிறைய இலவங்காய் கொடுத்தனுப்பினார்கள்.

மாமியாருக்கு இடுப்பு வலி. மர நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார முடியாமல், சாப்பாடே தனியாகக் கட்டிலில்தான். கடை ஸ்பாஞ்ச் சூடாம், வேண்டாமாம். பட்டன் தைப்பதைத் தவிர வேறு தையல் அறியாத நான் துணிந்து இறங்கினேன்.

பஞ்சிலிருந்து கொட்டையை நீக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை அந்தப் பக்கமே வரக்கூடாது. 16 அங்குல இருக்கைக்கு 17 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டவேண்டும். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போய்விடும். உள்ளுறைக்கு நெருக்கமாக நெய்த காடாத் துணிதான் சரி. நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். மெல்லிய துணியென்றால் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். மூன்று பக்கம் கெட்டித் தையல் போட்டு, உறையைத் திருப்பி, முதலில் மூலைகளை அடையுங்கள். நடுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாலாவது பக்கத்தையும் தைத்து மூடியபின் மேலுறை, நாற்காலியில் கட்ட இரண்டு நாடா.

இப்போது மாமியார் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். உப்பு, காரம் பற்றிய அபிப்பிராயங்களும் உடனுக்குடன் வந்துவிடுகின்றன!

இலவம்பஞ்சு இழை உள்ளே குழல்போல வெற்றாக, காற்று நிறைந்திருக்கும். அமுங்கினால் வெயிலில் போட்டுத் தட்டுங்கள், உப்பிவிடும். மேலுறையை மட்டும் துவைத்தால் போதும், பஞ்சை நனைக்கவேண்டாம். எங்கள் கள்ளக்குறிச்சி வெயிலுக்கு ஒரு மத்தியானமே தாராளம்.