முகவரி மாறிய கார்டு

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில், மரம் செதுக்கும் சிறு பட்டறை ஒன்றின் சிஎன்சி இயந்திரம் மூன்று நாட்களாக அசையவில்லை. பழைய கணினி பழுதாகிவிட்டது. புதியதில் பேரலல் போர்ட் இல்லாததால் பிசிஐ கார்டு ஒன்றைப் பொருத்தியிருந்தனர்.

"கார்டை எரித்தது நீதான், சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்" என்றார் முதலாளி. இயக்குபவனான இளைஞன் தலைகுனிந்து நின்றான்.

அழைப்பின் பேரில் வந்த முதிய மெக்கானிக் கார்டைக் கழற்றவில்லை. 25 முனைகளில் 2 முதல் 9 வரை தரவுக்கானவை. 18 முதல் 25 வரை கிரவுண்ட். மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, திசைக்குரிய முனையில் மல்டிமீட்டரை வைத்தார். மின்னழுத்தம் மாறவேயில்லை.

பின்னர் லினக்ஸில் கார்டின் முகவரியைத் தேடினார். மதர்போர்டிலேயே அமைந்த போர்ட்டின் வழக்கமான முகவரி, பதினாறடிமான எண்ணில் 378. பிசிஐ கார்டுக்கோ கணினி வேறொரு முகவரியை ஒதுக்கும். மென்பொருள் இன்னமும் குடியிருப்போர் இல்லாத பழைய வீட்டுக்கே கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது.

அமைப்புக் கோப்பில் அந்த ஓர் எண்ணை மாற்றியதும் மோட்டார் முனகி நகர்ந்தது. "கார்டும் எரியவில்லை, பையனும் எரிக்கவில்லை" என்றார் மெக்கானிக்.

முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு இளைஞனிடம், "சாப்பிட்டாயா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.